ஹாஜியாரின் சத்தியமும் புகாஸ் கிளப்பும்

காசு சேர்ந்த மனுஷன் நிலம் வாங்குவான், இல்லை கப்பல் வாங்குவான், இல்லை ரெண்டாவது கல்யாணம் செய்துகொண்டு மாட்டிக்கொள்வான். எகிப்தில் எங்கள் தும்யாத் ஊர் ராகிப் தராபீலி டீம் வாங்கினார். முதலில் ஒரு வாலிபால் டீம், அது ரெண்டு சீசனில் கலைந்து போனது. அடுத்து ஒரு ஹேண்ட்பால் டீமில் கால் பங்கு, கூட்டாளிகள் அதை ஏப்பம் விட்டார்கள். ஆசை அடங்கியதா? எங்கே! ஆறு வருஷத்துக்கு முன்னால் புகாஸ் கால்பந்து கிளப்பின் பங்குகளில் எண்பது சதவீதத்தை மொத்தமாக வாங்கிப்போட்டார். இரண்டாம் டிவிஷனில் நொண்டிக்கொண்டிருந்த கிளப் அது.

வாங்க வசதி எங்கிருந்து வந்தது என்றால், கட்டிலில் இருந்து. தும்யாத்தில் தெருவுக்குத் தெரு மரப்பட்டறைதான். ஆனால் கெய்ரோவில் இருந்து பெண்ணைப் பெற்றவர்கள் சீர்வரிசை வாங்க வந்தால், தராபீலி ஷோரூம் எது என்று விசாரித்துக்கொண்டுதான் வருவார்கள். கட்டில், பீரோ, டிரெஸ்ஸிங் டேபிள், தங்க முலாம் பூசிய சோபா. இருந்தும் என்ன? கட்டில் விற்கிறவன் பெயரைச் சொல்லி யாரும் கோஷம் போட மாட்டார்கள். வெள்ளிக்கிழமை மைதானத்துக்குள் நுழைந்தால் எட்டாயிரம் பேர் எழுந்து "தராபீலி! தராபீலி!" என்று கத்துவார்கள். அந்தச் சத்தத்துக்கு அந்த மனுஷன் அடிமை. அறுபது வயதில் அவருக்கு அதைவிடப் பெரிய ருசி வேறு எதுவும் இல்லை.

அவருடைய மனைவி இன்ஷிராஹ் பழகிப்போனவள். "மத்தவளுக்கு ஒரு சக்களத்தி. எனக்குப் பதினோரு பேரு, அதுவும் அரை டிராயர் போட்டுக்கிட்டு" என்று ஷோரூமுக்கு வரும் பெண்களிடம் சொல்லிச் சிரிப்பாள். அவர் மைதானத்தில் நிற்கும் நேரமெல்லாம் ஷோரூமில் நின்று வியாபாரம் பார்த்தது அவள்தான். டீமுக்குக் கோச்சாக இருந்தவன் அவளுடைய தம்பி ஷவ்கி. எங்கள் ஊரில் கோச்சுக்கெல்லாம் கேப்டன் என்றுதான் பெயர். கேப்டன் ஷவ்கி கெட்டிக்காரன். பையன்கள் அவன் சொன்னால் சுவரில் போய் மோதுவார்கள்.

வினை எப்படி வந்தது என்று கேளுங்கள். சீசனில் ரெண்டே மேட்ச் பாக்கி. முதலாவதில் வாலில் கிடந்த ஒரு டீமோடு ஒன்றுக்கு ஒன்று சமன். ஜெயித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஷவ்கி முன்வரிசை ஆட்டக்காரனை வெளியே எடுத்துவிட்டான். அடுத்த நிமிஷமே எதிராளி கோல் போட்டான். ஜெயித்திருந்தால் அன்றைக்கே முதல் டிவிஷன் உறுதி. இப்போது அடுத்த வெள்ளி மன்ஸூரா ஊர் டீமை ஜெயித்தே ஆகவேண்டும்.

ராகிப் காருக்குள் உட்கார்ந்து பொருமிக்கொண்டிருந்தார். சாயங்காலம் ஆறு மணிக்கு டிவியில் விளையாட்டு நிகழ்ச்சி. எங்கள் நாட்டில் கிளப் முதலாளிமார்கள் கோபம் வந்தால் செய்கிற முதல் காரியம் அந்த நிகழ்ச்சிக்குப் போன் போடுவது. ஆறிப்போகும்வரை காத்திருக்கும் பழக்கம் யாருக்கும் கிடையாது. ராகிப்பும் போட்டார். தொகுப்பாளன் விஷமக்காரன்.

"ஹாஜியாரே, ஊரே ஒண்ணு பேசுதே. மச்சான்ங்கிறதால நீங்க கோச்சைத் தொட மாட்டீங்களாமே?"

"யாரு? நானா? எவன் சொன்னான்? இப்ப கேட்டுக்குங்க. அந்த ஷவ்கி இனிமே என் பெஞ்சுல உக்காந்தான்னா என் பொண்டாட்டி தலாக்! மூணு தலாக்!"

தொகுப்பாளன் மைக்கோடு இன்னும் நெருங்கினான்.

"ஹாஜியாரே, உங்க வீட்டம்மா கேப்டன் ஷவ்கியோட கூடப்பிறந்த அக்காதானே?"

ராகிப் போனை வைத்துவிட்டார்.

இதை வெளியூர்க்காரர்கள் பெரிய விஷயம் என்று நினைப்பார்கள். எங்கள் சந்தையில் இந்தச் சத்தியம் இல்லாமல் ஒரு பலகை கைமாறாது. 'இது அசல் பீச் மரம் இல்லைன்னா என் பொண்டாட்டி தலாக்.' 'நீங்க டீ குடிக்காமப் போனா என் பொண்டாட்டி தலாக்.' 'இந்த விலைக்குக் கொடுத்தா எனக்கு நஷ்டம், இல்லைன்னா தலாக்.' காலையில் கடை திறந்ததில் இருந்து மதியத் தொழுகைக்குள் ஒவ்வொரு வியாபாரியின் மனைவியும் பத்து தடவை பணயமாகிவிடுவாள். யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் அது சந்தையோடு போச்சு. இது டிவி. குவைத்தில் இருக்கும் இன்ஷிராஹின் சித்தி பார்த்தாள். மன்ஸூராவில் இருக்கும் சம்பந்தி பார்த்தார். ஷோரூமில் மூவாயிரம் கட்டில் வாங்கிப்போன பெண்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள்.

ராகிப் வீட்டுக்கு வந்தபோது கதவு உள்பக்கம் சங்கிலி போட்டிருந்தது. படியில் ஒரு பை. அதில் ராத்திரி உடுப்பு, பிரஷர் மாத்திரை, பல் தேய்க்கிற பிரஷ்.

"இன்ஷிராஹ், கதவைத் தொற."

"யாருங்க அது? ஆம்பிளை இல்லாத வீட்ல அந்நிய ஆளுக்கு என்ன வேலை?"

"அடியே, அவன் இன்னும் பெஞ்சுல உக்காரலையே! சத்தியம் இன்னும் பலிக்கலையே!"

"ஓஹோ. அப்ப என் தம்பி வேலைக்குப் போனா எனக்குத் தலாக்கு, வீட்ல குந்தியிருந்தா நான் பொண்டாட்டி. நல்லா இருக்கு ஹாஜியாரே நியாயம். போய்ட்டு வாங்க."

எங்கே போவது? மகன் வீட்டுக்குப் போக வெட்கம். ஷோரூமுக்குப் போய், ரெண்டாம் மாடியில் இருப்பதிலேயே பெரிய கல்யாணக் கட்டிலில், பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் படுத்தார். புரண்டால் சரசரவென்று சத்தம். காலையில் கண் விழித்தபோது கஃபர் ஸஅத் ஊரில் இருந்து வந்த ஒரு கல்யாணப் பெண்ணும் அவள் அம்மாவும் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"அம்மா, இதுல ஆளு இருக்காரு."

அம்மாக்காரி விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். "இவரு செட்டோட சேர்த்தா, தனியா?"

வேறு நாளாக இருந்தால் ராகிப் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். அன்றைக்கு எழுந்து செருப்பைத் தேடினார். முந்தின இரவு முழுக்க அவர் யோசித்தது டீமைப் பற்றி இல்லை. முப்பத்தொரு வருஷத்தில் இன்ஷிராஹ் சண்டை போட்டிருக்கிறாள், தட்டை உடைத்திருக்கிறாள், ஒரு தடவை செருப்பையும் எறிந்திருக்கிறாள். ஆனால் கதவைச் சாத்தியதில்லை. அந்தக் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. நிஜமாகவே அவளை இழந்துவிடுவோமோ என்று அறுபது வயது மனுஷன் பிளாஸ்டிக் உறையில் படுத்துக்கொண்டு நடுங்கியிருக்கிறார்.

பத்து மணிக்குக் கிளப் மேனேஜர் பஸ்யூனி வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார்.

"ஹாஜியாரே, பசங்க பயிற்சிக்கு எறங்க மாட்டேங்கிறாங்க. புல்லுல உக்காந்துட்டாங்க. கேப்டன் வந்தாத்தான் பூட்ஸைக் கட்டுவோங்கிறாங்க."

"அவன் வந்தா என் குடும்பம் போச்சுய்யா!"

"வராட்டி முதல் டிவிஷன் போச்சு."

ரெண்டு பேரும் நேரே ஷேக்கிடம் போனார்கள். பள்ளிவாசலுக்குப் பின்னால் அறையில் இருந்து தீர்ப்புச் சொல்கிற வயசான மனுஷர். அவரும் டிவி பார்த்திருந்தார் போல. ராகிப்பைக் கண்டதுமே தாடிக்குள் சிரித்தார்.

"நீ மனைவியை விலக்கணும்னு நெனச்சுச் சொன்னியா, கோச்சை விலக்கணும்னு சொன்னியா?"

"அல்லாஹ் மேல ஆணையா கோச்சைத்தான் ஷேக்."

"இதுக்கு முன்னாடி எத்தனை தடவை இப்படிச் சத்தியம் பண்ணியிருக்கே?"

ராகிப் விரலை மடக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார். "இந்த வாரத்துலயா ஷேக்?"

"எந்திரி, எந்திரி. பத்து ஏழைங்களுக்கு வயிறாரச் சாப்பாடு போடு. சத்தியத்துக்குப் பரிகாரம் அதுதான். உன் கல்யாணம் அப்படியே இருக்கு. ஆனா அந்த நாக்கைக் கட்டிப்போடு. அவ என்ன பேரம் பேசற பண்டமா?"

ராகிப்புக்கு உயிர் வந்தது. பத்துப் பேருக்கு வெங்காயம் அடைத்த வாத்து ஆளுக்கு ஒன்று. சோறும் மஷப்பக் மிட்டாயும் தனி. தராபீலி வாத்துப் போடுகிறார் என்ற செய்தி பரவி, பத்துப் பேர் நாற்பது பேர் ஆகிவிட்டார்கள். போட்டார். முகத்தில் எண்ணெய் வழிய, மணவறைக்குப் போகிற மாப்பிள்ளை மாதிரி வீட்டுக்கு நடந்தார்.

"இன்ஷிராஹ்! முடிஞ்சுது! ஷேக் சொல்லிட்டாரு, ஒண்ணும் ஆகலை!"

சங்கிலி எடுபட்டது. கதவு ஒரு சாண் திறந்தது. அவள் முகம் தெரிந்தது. அழுதிருந்தாள்.

"ஷேக்குக்கு முடிஞ்சிருச்சு. எனக்கு?"

"உனக்கென்ன? நாற்பது வாத்து..."

"வாத்தைப் பேசாதீங்க. நான் ஒண்ணு கேக்கறேன், யோசிச்சுப் பதில் சொல்லுங்க. முப்பத்தொரு வருஷமா மரத்துக்கு என்னை வச்சீங்க, ஆணிக்கு என்னை வச்சீங்க, டீக்கு, காப்பிக்கு, பழைய லாரிக்கு, எல்லாத்துக்கும் என்னைத் தூக்கி வச்சீங்க. ஒரு நாளாவது பட்டறையை வச்சிருக்கீங்களா? இது பொய்யா இருந்தா என் கிளப்பு போகட்டும்னு ஒரு தடவையாவது உங்க வாயில வந்திருக்கா? வராது. ஏன்னா அது போயிட்டா உங்களுக்கு வலிக்கும். நான் போனா வலிக்காது, அதான் என்னை வைக்கிறீங்க."

சந்தையில் ஒருத்தனும் ராகிப்பை வாயடைக்க வைத்ததில்லை. படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நான் நடுங்கிட்டேன் இன்ஷிராஹ். நேத்து ராத்திரி முழுக்க."

"நான் முப்பத்தொரு வருஷமா சந்தைப் பக்கம் போனாலே காதைப் பொத்திக்கிறேன்."

"சரி. கிளப்பை வைக்கிறேன்."

"என்கிட்ட சொல்லாதீங்க. எங்க கேவலப்படுத்தினீங்களோ அங்க சொல்லுங்க."

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு அதே நிகழ்ச்சிக்குப் போன். இன்ஷிராஹ் பக்கத்தில் கைகட்டி நின்றாள். தொகுப்பாளனுக்கு வாயெல்லாம் பல். ராகிப் சொன்னார்: "ஷேக்கோட தீர்ப்புப்படி கேப்டன் ஷவ்கி திரும்பி வர்றாரு. இன்னொண்ணு. இனிமே தலாக்குன்னு ஒரு சத்தியம் என் வாயில வந்துச்சுன்னா, கோபமோ சந்தோஷமோ, கிளப்பு என் கையை விட்டுப் போயிடட்டும்."

"அன்னிக்கேன்னு சொல்லுங்க" என்றாள் இன்ஷிராஹ், மெதுவாக.

"அன்னிக்கே" என்றார் ராகிப்.

அன்று அவருக்கு வீட்டுக்குள் சோறு கிடைத்தது.

வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்து ஊரே மைதானத்தில். பஸ்யூனி முன்னெச்சரிக்கையாக ஒரு பெரிய கைக்குட்டை கொண்டுவந்திருந்தார். "கடிச்சுக்குங்க ஹாஜியாரே" என்றார். கேலி இல்லை, நிஜமாகவேதான். பன்னிரண்டாவது நிமிஷம் மன்ஸூராக்காரன் நம் பையனின் கணுக்காலில் ஏறி மிதித்தான், நடுவர் ஆகாயத்தைப் பார்த்தார். ராகிப்புக்கு 'அவனுக்குக் கண்ணு இருந்தா என் பொண்டா...' வரைக்கும் தொண்டையில் வந்துவிட்டது. கைக்குட்டையைக் கடித்தார். முப்பதாவது நிமிஷம் தெளிவான பெனால்டி, கொடுக்கவில்லை. மறுபடி கடித்தார். இடைவேளைக்குப் பிறகு நம்முடைய ஒரு பையனுக்குச் சிவப்பு அட்டை. எட்டாயிரம் பேர் நடுவரின் மூன்று தலைமுறையை இழுத்தார்கள். ராகிப் முகம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போனது. கைக்குட்டையில் ஓட்டை விழுந்தது. ஆனால் ஒரு சத்தியம் வெளியே வரவில்லை. எனக்குத் தெரிந்து தும்யாத் சரித்திரத்தில் ஒரு மரவியாபாரி தொண்ணூறு நிமிஷம் வாய்மூடி இருந்தது அன்றைக்குத்தான்.

எண்பத்தேழாவது நிமிஷம் ஷவ்கி ஒரு பையனை மாற்றி இறக்கினான். இறங்கிய பையன் முதல் தொடுதலிலேயே கோல் போட்டான். அவ்வளவுதான். புகாஸ் கிளப் முதல் டிவிஷன்!

ராகிப் அழுதார். ஷவ்கியைக் கட்டிப்பிடித்து, "மச்சான், மச்சான்" என்று முத்தம் கொடுத்தார். கோஷம் ஆகாயத்தைக் கிழித்தது. டிவிக்காரர்கள் மைக்கை மூக்குக்கு நேரே நீட்டினார்கள். அந்த நேரம் பார்த்து மன்ஸூரா கிளப்பின் முதலாளி நபீஹ் பாஷா கைகொடுக்க வந்தார். மாவு மில் வைத்திருக்கிற நல்ல மனுஷர். தோற்றாலும் வந்து வாழ்த்துகிற பெருந்தன்மை.

"மப்ரூக் ராகிப். நான் கிளம்பறேன், ஒண்ணரை மணி நேரம் வண்டி ஓட்டணும்."

"என்ன பாஷா இது, சாப்பிடாம எப்படி?"

நபீஹ் பாஷா சிரித்துவிட்டார். எங்கள் ஊர்க்காரனிடம் சொல்லக்கூடாத ஒன்றைச் சொன்னார். கெய்ரோவில் இருந்து அஸ்வான் வரைக்கும் எங்களைக் கருமி என்று கேலி செய்ய வைத்திருக்கிற அந்தப் பாழாய்ப்போன ஜோக்.

"உங்க ஊர்லயா? 'சாப்பிட்டுட்டுப் படுக்கிறீங்களா, இல்ல வயிறு லேசா அப்படியே தூங்கிடறீங்களா'ன்னு கேக்கற ஊர்லயா?"

சுற்றி நின்ற டிவிக்காரர்கள் சிரித்தார்கள். ராகிப்புக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. நடுவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். கருமி என்று சொன்னால் எந்தத் தும்யாத்காரன் தாங்குவான்?

"நீ இன்னிக்கு என் வீட்ல உக்காந்து சாப்பிடாமப் போனியோ, என் பொண்டாட்டி தலாக்!"

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. மைக் அங்கேயே இருந்தது. பஸ்யூனி தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஷவ்கி காதோரம் வந்தான். "மச்சான், பயப்படாதீங்க. பாஷா சாப்பிட்டுடுவாரு. சத்தியம் சரியாயிடும்."

"தலாக் சரியாயிடும்டா. கிளப்பு?"

"விருந்துக்குக் கூப்பிட்டதுதானே? அதையெல்லாம் யாரு கணக்குல எடுத்துக்கப் போறா? நாளைக்கே மறந்துடுவாங்க."

உண்மைதான். ஊரில் ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டார்கள். கிளப்பை முதல் டிவிஷனுக்கு ஏற்றிய மனுஷனை, விருந்தாளியைச் சாப்பிடக் கூப்பிட்ட பாவத்துக்கு யார் இறங்கச் சொல்வார்கள்? கோஷம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. தராபீலி, தராபீலி. ராகிப் அதைக் கொஞ்ச நேரம் நின்று கேட்டார். பிறகு பஸ்யூனியைக் கிளப் ஆபீசுக்கு இழுத்துக்கொண்டு போய், தன் பங்குகள் அத்தனையும் மாற்றிக் கொடுப்பதாக ஒரு கடிதம் எழுதச் சொன்னார். பஸ்யூனி அழுதுகொண்டே எழுதினார்.

வீட்டில் இன்ஷிராஹ் வெற்றிக்கென்று வாத்து சமைத்திருந்தாள். டிவியில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டிருந்தாள். ஆனாலும் விருந்தாளி விருந்தாளிதானே. நபீஹ் பாஷாவை வரவேற்று உட்காரவைத்து, சோறும் முலூகியாக் கீரையும் பரிமாறினாள். ராகிப் பக்கம் திரும்பவில்லை.

ராகிப் சட்டைப் பையில் இருந்து கடிதத்தை எடுத்து ஊறுகாய்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"என்ன இது?"

"கிளப்பு."

"விருந்தாளி இருக்காரு."

"அவருக்கும் தெரியும். நாடே பாத்துச்சு."

நபீஹ் பாஷாவுக்குச் சோறு இறங்கவில்லை. "அம்மா, தப்பு என்னுது. அந்த ஜோக்கை நான் சொல்லியிருக்கக் கூடாது. அவரு என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாரு, அவ்வளவுதான்."

"நீங்க சாப்பிடுங்க பாஷா, ஆறிடும்."

இன்ஷிராஹ் கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை எடுத்தாள். ஒரு தடவை படித்தாள். இன்னொரு தடவை படித்தாள்.

"கையெழுத்து இல்லையே."

உண்மையைச் சொன்னால், அவள் சிரித்து அந்தத் தாளைக் கிழித்துப் போடுவாள் என்று ராகிப்பின் மனசில் ஒரு மூலையில் ஆசை இருக்கத்தான் இருந்தது. அதற்காகத்தான் கையெழுத்தை விட்டுவைத்திருந்தார். அவள் கிழிக்கவில்லை. அவர் நபீஹ் பாஷாவிடம் பேனா வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பெயரின் கடைசி எழுத்துக்கு வரும்போது கண்ணீர் கண்ணை மறைத்தது.

இன்ஷிராஹ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க மறுபடி ஷேக்கைக் கூட்டிட்டு வருவீங்கன்னு நெனச்சேன்."

"ஷேக் விட்ருவாரு. நீ விடுவியா?"

அவள் மறுபடி தாளைப் பார்த்தாள். வாங்குகிறவர் பெயருக்கான இடம் காலியாக இருந்தது. "இது யாருக்கு?"

"நீ யாரைச் சொல்றியோ அவங்களுக்கு."

நபீஹ் பாஷா தொண்டையைச் செருமினார். வியாபாரி புத்தி யாரை விட்டது? "விலை பேசறதா இருந்தா, நானும்..."

கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். பாஷா கீரைக்குள் தலையைக் குனிந்துகொண்டார்.

இன்ஷிராஹ் பேனாவை எடுத்து, நிறுத்தி நிதானமாகத் தன் பெயரை எழுதினாள்.

"அம்மா, டீம் நடத்தறது லேசு இல்லை" என்றார் பாஷா, பொறுக்க முடியாமல்.

"இவரு மைதானத்துல நின்ன ஆறு வருஷமும் ஷோரூம்ல நின்னு கட்டில் வித்தது யாருங்கிறீங்க? அந்தப் பசங்க போட்டிருக்கிற பூட்ஸு நான் வித்த பீரோ."

ராகிப் மூக்கை உறிஞ்சினார். "எனக்கு உள்ள வர ஒரு டிக்கெட்டாவது உண்டா?"

ஒரு வாரத்தில் முதல் தடவையாக அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என் பக்கத்துல உக்காருங்க. கைக்குட்டையை மறக்காம எடுத்துட்டு வாங்க." பிறகு, விருந்தாளிக்கென்று எடுத்து வைத்திருந்த வாத்துத் தொடையை எடுத்து ராகிப்பின் தட்டில் வைத்தாள். நபீஹ் பாஷா அது போன வழியைப் பார்த்துவிட்டு, பேசாமல் இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டார்.